மேற்கோள் எண்கள் வரிசை தவறியபோது: உங்கள் அனுபவம் என்ன?

ஆய்வு மாணவி:
ஆய்வேட்டை ஒப்படைக்கவிருந்த வேளையில், முதல் இயலின் முதல் வாக்கியத்திலேயே [14] என்று எண் விழுந்திருந்தது இன்னும் மனத்தை உறுத்துகிறது. ஆய்வேட்டை எழுதியது லேட்டெக் என்ற தட்டச்சு அமைப்பு மென்பொருளில். அதற்கு நூற்பட்டியல் தயாரித்துத் தரும் பிப்டெக்குக்கு, தோன்றும் வரிசையில் எண்ணிடும் அன்சார்ட் பாணியைத்தான் கொடுத்திருந்தேன். அதற்கு முன்பு வரை அந்த இடத்தில் [1] என்றே இருந்தது. பாணிக் கோப்பையும் நூல் விவரக் கோப்பையும் துருவித் துருவிப் பார்த்த பிறகு, ஆய்வேட்டின் முன்பகுதியில் புதிதாகச் சேர்த்திருந்த ‘படங்களின் பட்டியல்’ பக்கத்தைத் திறந்தேன். 1 முதல் 13 வரை அத்தனை எண்களும் அங்கே வரிசையாக நின்றன. படவிளக்கங்களில் இட்ட மேற்கோள்கள் பட்டியலுக்கும் சென்று, இயலுக்கு முன்பே எண் பெற்றுவிட்டிருந்தன.

தட்டச்சு அமைப்பாளர்:
படவிளக்கக் கட்டளையில், மேற்கோள் இல்லாத குறுவிளக்கம் ஒன்றைச் சதுர அடைப்புக்குள் கொடுத்தால், பட்டியலுக்கு அது மட்டுமே செல்லும். பட்டியல்களில் வரும் மேற்கோள்களை எண் வரிசையில் சேர்க்காமல் விடும் நோட்டாக்சைட் என்ற லேட்டெக் துணைத் தொகுப்பைச் சேர்த்தாலும் போதும். எனக்கு வாய்த்தது இதைவிடக் கடினமானது. வேர்டில் வந்த ஒரு கட்டுரையில், மேற்கோள் மேலாண்மை மென்பொருளான ஜோட்டெரோ இட்ட மேற்கோள்களைக் கட்டுரையாசிரியரே இணைப்பு நீக்கி வெறும் எழுத்தாக்கி அனுப்பியிருந்தார். மதிப்பாய்வாளர் கேட்டபடி ஒரு பத்தியைப் பின்னுக்கு நகர்த்தியதும் [9]-க்கு அடுத்து [4] வந்தது. கையால் மாற்றுவதைத் தவிர வேறு வழியில்லை. அதிலும் [5–8] போன்ற இடங்கள்தான் வதைத்தன. 6, 7 என்ற எண்கள் அங்கே எழுத்தாகவே இல்லாததால், தேடினாலும் அகப்படாது.

மெய்ப்பு நோக்குநர்:
தொகுப்பைச் சேர்த்தால் போதும் என்பதை நான் ஏற்கவில்லை. அது பட்டியல்களால் வரும் கோளாறை மட்டுமே நீக்கும். அட்டவணை 1 என்பது [11]-க்கும் [12]-க்கும் இடையில் சுட்டப்பட்டிருக்க, அதற்குள் 41 முதல் 46 வரையான எண்கள் இருந்ததால் ஒரு கட்டுரை இதழிலிருந்து திரும்பி வந்ததை நான் கண்டிருக்கிறேன். அட்டவணையிலோ படவிளக்கத்திலோ மட்டும் இடம்பெறும் மேற்கோள்கள், அந்த அட்டவணை அல்லது படம் உரையில் முதன்முதலில் சுட்டப்படும் இடத்தைப் பொறுத்தே எண் பெற வேண்டும் என்பது சர்வதேச மருத்துவ இதழாசிரியர் குழுவின் பரிந்துரை. மென்பொருளுக்கு அது தெரியாது. அட்டவணை பக்கத்தில் எங்கே மிதந்து போய் அமர்ந்தாலும், மூலக் கோப்பில் எழுதப்பட்ட இடத்தையே லேட்டெக் கணக்கில் கொள்கிறது. ஆகவே, அட்டவணையைச் சுட்டும் பத்தியை அடுத்தே அதை எழுதி வையுங்கள். கட்டுரையின் இறுதியில் அட்டவணை வேண்டும் என்று இதழ் கேட்டால், எண்கள் உறுதியான பிறகு, நகல் எடுத்துக்கொண்டு அந்த நகலில் மட்டும் (வேர்டில் எழுதியதானால் மேற்கோள்களின் இணைப்பை நீக்கி) நகர்த்துங்கள். மேற்கோள்களுக்கான மற்றொரு லேட்டெக் தொகுப்பான நாட்பிப்பின் வரிசைப்படுத்தும் வசதியையும் இதற்கு நம்ப வேண்டாம். அது ஓர் அடைப்புக்குள் உள்ள [7,3,5] என்பதை [3,5,7] ஆக்குமே தவிர, நூற்பட்டியலின் வரிசையைத் தொடாது.

தட்டச்சு அமைப்பாளர்:
அட்டவணை பற்றி நீங்கள் சொல்வது சரி. ஆனால் மாணவி சொன்னது படங்களின் பட்டியலைப் பற்றி, அதற்குக் குறுவிளக்கமே போதும். திருத்திய பின், முந்தைய ஓட்டத்தில் லேட்டெக் உருவாக்கிய துணைக் கோப்புகளை அழித்துவிட்டு லேட்டெக்கை ஓட்டுங்கள், அம்மா. இல்லையெனில் முதல் ஓட்டத்தில் பழைய பட்டியலே படிக்கப்பட்டு, பிப்டெக் பழைய வரிசையையே திரும்பத் தரும்.