புதுப்பிப்பு: ஸ்கார்பரோவிலிருந்து காலைப் பயணம்

டொராண்டோவில், ஸ்கார்பரோ சென்டரிலிருந்து கென்னடி சுரங்க ரயில் நிலையம் செல்லும் காலைப் பேருந்துகள் நிரம்பி வழிவதைக் குறிப்பிட்டு, மாற்று வழி கேட்டிருந்தேன். இதே வழியில் 1985 முதல் ஓடிய மூன்றாம் தட (Line 3) ரயில் 2023 ஜூலை 24 அன்று தடம் புரண்டபின் மீண்டும் ஓடாததால், அதன் கூட்டம் முழுவதும் பேருந்துகளின் மேல் விழுந்திருக்கிறது. நண்பர்கள் சொன்னபடி இப்போது மார்க்கம் சாலைப் பேருந்தில் நேராக வார்டன் நிலையம் சென்று சுரங்க ரயில் ஏறுகிறேன். இரண்டு மணி நேரத்துக்குள் மாறினால் கூடுதல் கட்டணம் இல்லை. நேரம் பெரிதாகக் குறையவில்லை, ஆனால் பெரும்பாலும் இடம் கிடைக்கிறது. பனிக்குழம்பில் நனைந்த காலணியோடு நிற்பவர்களைக் கண்டும் நிறைந்த பேருந்து நிற்காமல் போவதுதான் இன்னமும் மனத்தை வருத்துகிறது. கைக்குழந்தையோடு காத்திருக்கும் தாய்மாருக்கு இந்தச் சுற்றுவழியும் உதவாது.