லேபர் டே கூடுகை: மழை 15 சதவீதம் என்பதைப் பார்த்து நிம்மதியாக இருக்க வேண்டாம்

சொந்தங்கள் எல்லாருக்கும் வணக்கம்.

லேபர் டே (செப்டம்பர் முதல் திங்கள் விடுமுறை) வாரக்கடைசியில் கலிஃபோர்னியாவில் ஆபர்ன் பக்கம் மலையடிவாரத்தில் கூடலாம், கரி அடுப்பு போட்டுக் கோழி சுடலாம் என்று நேற்று வந்த மடலுக்குத்தான் இந்தப் பதில். அதற்கு சான் ஹோசே மதினி, "போன்ல இடி படம் போட்டிருக்கு, ஆனா மழை 15 சதவீதம்தான், ஒண்ணும் வராது" என்று எழுதியிருந்தார்கள். மதினி, கோவிச்சுக்காதீங்க. இடிப் படமும் அந்த 15 சதவீதமும் சேர்ந்து வரும்போதுதான் கலிஃபோர்னியாவில் வயிற்றைக் கலக்க வேண்டும். அதே இடத்தில் 70 சதவீதம் என்று இருந்தால் நான் கோழிக்கு மசாலா தடவிவிட்டுத் தூங்கப் போயிருப்பேன்.

நம்ம கரிசக்காட்டில் சித்திரை வெயிலில் வானம் கருத்து இடித்தால் எல்லாருக்கும் சந்தோஷம், மறுநாளே கோடை உழவுக்கு ஆள் தேடுவோம். அந்தப் பழக்கத்தில் இங்கேயும் வானம் இருட்டினால் வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்துவிடுகிறோம். இங்கே நிலைமை வேறு. மே மாதத்திலிருந்து அக்டோபர் வரை மழை என்று சொல்லும்படி எதுவும் கிடையாது, ஆகஸ்ட் கடைசியில் மலைப் புல் எல்லாம் கிள்ளினால் பொடியாகிற பதத்தில் இருக்கும். அந்த நேரம் பார்த்து மெக்சிகோ பக்கம் கடலில் உண்டான புயலின் மிச்ச ஈரம் மேலே மேலேயே நகர்ந்து வரும். மேகம் பத்தாயிரம் அடி உயரத்தில் கூடுகிறது, அதற்குக் கீழே இருப்பதெல்லாம் காய்ந்த காற்று. மேகத்திலிருந்து விழும் மழை பாதி வழியிலேயே ஆவியாகிவிடும், மின்னல் மட்டும் முழுசாகத் தரைக்கு வந்து சேரும். இதைத்தான் வறண்ட இடி என்கிறார்கள். மழை ஆவியாகும்போது சுற்றியுள்ள காற்று குளிர்ந்து கனத்துப் போய்த் தொப்பென்று கீழே விழுகிறது, தரையில் மோதி எல்லாப் பக்கமும் பாய்கிறது. மணிக்கு 40, 50 மைல் வேகம் அதற்குச் சாதாரணம். எந்தத் திசையில் பாயும் என்று முன்கூட்டிச் சொல்லவும் முடியாது. ஆக, தீ வைக்கிறதும் அதை ஊதிவிடுகிறதும் ஒரே மேகம்.

2020 ஆகஸ்ட் நடுவில் நடந்தது இதுதான். ஃபாஸ்டோ என்ற புயலின் மிச்ச ஈரம், அதோடு கடுமையான வெயில் (அதே ஆகஸ்ட் 16ஆம் தேதிதான் டெத் வேலி பாலைவனத்தில் 130 டிகிரி ஃபாரன்ஹீட் பதிவானது). அடுத்தடுத்த சில நாட்களில் மாநிலம் முழுக்கப் பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட மின்னல்கள் இறங்கின. சாண்டா குரூஸ் மலையில் பிக் பேசின் ரெட்வுட் மரக் காட்டின் பெரும்பகுதி கருகியது, அந்தத் தீயில் மட்டும் ஏறக்குறைய 1,500 கட்டடங்கள் போயின. மெண்டோசினோ காட்டுப் பக்கம் பற்றிய பல தீக்கள் ஒன்று சேர்ந்து பத்து லட்சம் ஏக்கரைத் தாண்டி எரிந்தன.

இடி போய்விட்டது, இனி கவலையில்லை என்று நினைப்பதும் தப்பு. மின்னல் அடித்த மரம் உள்ளுக்குள்ளேயே நாள்கணக்கில் கனன்றுகொண்டிருக்கும், காற்று கிடைத்ததும் எழும்பும். ஆகஸ்ட் 17ஆம் தேதி மின்னலால் புளூமாஸ் காட்டுக்குள் பற்றிய ஒரு தீ, மூன்று வாரம் கழித்து, லேபர் டேக்கு மறுநாள் காற்று மாறியதும் ஒரே ஓட்டமாக ஓடி பெர்ரி கிரீக் என்ற ஊரையே அழித்தது, பத்துக்கும் மேற்பட்டவர்கள் செத்தார்கள். அதற்கு அடுத்த நாள்தான் சான் ஃபிரான்சிஸ்கோவில் பகல் முழுக்க வானம் ஆரஞ்சு நிறத்தில் கிடந்தது, பலர் போட்டோ எடுத்து இந்தக் குழுவிலேயே போட்டீர்கள்.

போர்ட்லாந்து அண்ணாச்சி, "இங்கே மழை ஊரு, எங்களுக்கு என்ன" என்று வழக்கம்போல எழுதுவார், அதனால் இப்போதே சொல்லிவிடுகிறேன். அதே 2020 செப்டம்பர் 8ஆம் தேதி ஓரிகனின் தெற்கே டேலண்ட், ஃபீனிக்ஸ் என்ற இரண்டு ஊர்களிலும் இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட வீடுகள் எரிந்தன. அது மின்னல் தீ இல்லை, வறண்ட காற்று செய்த வேலை. காட்டுக்குள் இருந்த ஊர்களும் இல்லை, ஐந்தாம் நெடுஞ்சாலை ஓரத்துச் சாதாரண ஊர்கள்.

சரி, எதைப் பார்ப்பது? போனில் வரும் மேகப் படத்தை விட்டுவிடுங்கள். நேஷனல் வெதர் சர்வீஸ் தளத்தில் உங்கள் பகுதி அலுவலகம் (சான் ஃபிரான்சிஸ்கோ வளைகுடாப் பகுதிக்கு மான்டரே, எங்களுக்கு சாக்ரமென்டோ) தினமும் விளக்கமாக எழுதும் குறிப்பு ஒன்று இருக்கும், படிக்கக் கொஞ்சம் பொறுமை வேண்டும், ஆனால் காற்று, ஈரப்பதம், வறண்ட இடி எல்லாம் அதில்தான் இருக்கும். 'ஃபயர் வெதர் வாட்ச்' என்றால் ஒன்றிரண்டு நாளில் ஆபத்து வரலாம் என்று பொருள், வண்டிக்குப் பெட்ரோல் போட்டு வையுங்கள். 'ரெட் ஃபிளாக் வார்னிங்' என்றால் வந்துவிட்டது, அல்லது ஒரு நாளுக்குள் வரும். அன்றைக்குப் புல் வெட்டும் மெஷினைக்கூட வெளியே எடுக்கக் கூடாது, பிளேடு கல்லில் பட்டுத் தெறிக்கிற பொறி போதும்.

எனக்கு உண்மையான கவலை ஊரிலிருந்து வந்து தங்கியிருக்கும் பெரியவர்களைப் பற்றித்தான். நாம் ஆபீஸில் இருப்போம், அவர்கள் வீட்டில் தனியாக இருப்பார்கள். பாதிப் பேர் கையில் ஊர் நம்பர்தான், வைஃபையில் வாட்ஸ்அப் மட்டும் ஓடும், கவுண்டி (மாவட்ட நிர்வாகம்) அனுப்பும் எச்சரிக்கை வராது. வந்தாலும் இங்கிலீஷில் வரும். அதனால் பக்கத்து வீட்டுக்காரர் ஒருவரிடம் அப்பா, அம்மாவை நேரில் அறிமுகப்படுத்தி வையுங்கள். பாஸ்போர்ட், மாத்திரை, மூக்குக் கண்ணாடி மூன்றும் ஒரே பையில் கதவுப் பக்கம் இருக்கட்டும். காற்று பலமாக இருந்தால் மின் நிறுவனமே முன்கூட்டி கரண்டை நிறுத்திவிடும், அப்போது மோட்டாரில் ஓடும் பழைய கராஜ் (கார் நிறுத்தும் அறை) கதவு திறக்காது. 2017இல் சாண்டா ரோசா பக்கம் எரிந்தபோது இப்படி மாட்டிக்கொண்டவர்கள் இருந்ததால்தான், 2019 ஜூலையிலிருந்து இங்கே விற்கும் கராஜ் மோட்டாருக்கு பேட்டரி கட்டாயம் ஆனது. உங்கள் மோட்டார் அதற்கு முந்தியது என்றால், தொங்கும் சிவப்புக் கயிறை இழுத்துக் கையால் தூக்குவது எப்படி என்று வீட்டில் எல்லாருக்கும் ஒருமுறை செய்து காட்டுங்கள். பெரியப்பா வாசலில் சாம்பிராணி போட்டுவிட்டுத் தணலைச் செடிப் பக்கம் கொட்டுகிற பழக்கத்தை எப்படி நிறுத்துவது என்று எனக்குத் தெரியவில்லை, பெரியம்மாதான் பார்த்துக்கொள்ள வேண்டும்.

கூடுகை விஷயம். மலையடிவாரம் வேண்டாம் என்பது என் கருத்து, போக ஒரே பாதை, வர ஒரே பாதை, அதில் முப்பது வண்டி. ஃப்ரீமான்ட் பக்கம் ஏதாவது பார்க்கில் வைப்போம், கரி அடுப்பு வேண்டாம், பிரியாணியை யார் வீட்டிலாவது தம் போட்டுக் கொண்டு வரட்டும். இல்லை, ஆபர்ன்தான் வேண்டும் என்று பெரும்பாலானவர்கள் சொன்னால் நானும் வருகிறேன், ஆனால் முந்தின நாள் ரெட் ஃபிளாக் போட்டால் பேச்சே இல்லை, ரத்து. பார்க் புக் பண்ணுவதற்கு ஃப்ரீமான்டில் இருக்கிறவர்கள் யாராவது கையைத் தூக்குங்கள், புதன்கிழமைக்குள் சொன்னால் நல்லது.