பயாஸ் சிப்புக்கு பைல் தயாரிப்பதில் சிக்கல்: எந்தப் பெட்டியில் என்ன போடுவது?

கொக்குவிலில் இருந்து எழுதுகிறேன். போன கிழமை லப்டொப்பின் பயாஸை (கணினியைத் தொடக்கிவைக்கும் அடிப்படை மென்பொருள்) புதுப்பிக்கும்போது கரண்ட் நின்றுவிட்டது. அன்றிலிருந்து லப்டொப்பில் ஃபான் மட்டும் சுற்றுகிறது, திரை கறுப்பு.

பயாஸ் இருக்கும் சிப் 25கியூ64, 3.3 வோல்ட், கொள்ளளவு 8388608 பைட். சிப்பை வாசித்து எழுதும் கருவி, அதாவது புரோகிராமர், சிஎச்341ஏ. பழைய உள்ளடக்கத்தை இரண்டு தரம் வாசித்துச் சேமித்துவிட்டேன், இரண்டும் ஒன்றாகவே இருக்கின்றன. லப்டொப் தயாரிப்பாளரின் பயாஸ் பைலோ 8390656 பைட். கூடுதலாக உள்ள 2048 பைட் முன்னால் ஒட்டியிருக்கும் தலைப்பு. அதை வெட்டாவிட்டால் எல்லாம் கீழே தள்ளுப்பட்டு, சிப்பின் கடைசி 16 பைட்டில் இருக்கவேண்டிய தொடக்கக் கட்டளை வெளியே போய்விடும்.

இனித்தான் தலையிடி. புரோகிராமரின் மென்பொருளில் பைலைத் திறந்தால் இரண்டு பெட்டிகளோடு ஒரு சின்ன ஜன்னல் வருகிறது. மென்பொருள் சீன மொழியில் இருப்பதால் பெயர்கள் எல்லாம் வெறும் கேள்விக்குறிகள்! முதல் பெட்டியில் 800 போட்டேன் (2048தான், ஹெக்ஸில், அதாவது 16ஐ அடியாகக் கொண்ட எண்முறையில்). பஃபரின் (எழுதுமுன் பைல் ஏறி நிற்கும் தற்காலிக இடம்) தொடக்கம் முழுக்க எஃப்எஃப், அதாவது வெற்று பைட், பைல் அதற்குப் பிறகுதான் வந்தது. இரண்டாவதில் 2048 போட்டால் அதை ஹெக்ஸாக எடுத்து 8264 பைட்டை விழுங்கிவிட்டது. அதே பெட்டியில் 800 போட்டதும் பைல் சரியாக ஏறியது போலத் தெரிகிறது, ஆனால் கீழே இன்னொரு கேள்விக்குறி எச்சரிக்கை. பயத்தில் எழுதவில்லை. வின்டோஸ் மொழி அமைப்பை மாற்றியும் எழுத்து தெளியவில்லை.

இதே புரோகிராமர் பாவிப்பவர்கள் சொல்லுங்கோ: இரண்டாவது பெட்டியை நம்பி எழுதலாமா, அல்லது ஹெக்ஸ் எடிட்டரில் (பைலின் பைட்டுகளை நேரடியாகத் திருத்தும் மென்பொருள்) தலைப்பை முதலே வெட்டிவிட்டு ஏற்றுவதா?