கீழக்கரை தோணியின் பதிவேடு, 1893: எங்கே தேடுவது?

வணக்கம். வாப்பாவின் பாட்டனார் கீழக்கரையில் தோணி வைத்திருந்தவர். சங்கும் கருவாடும் ஏற்றிக் கொழும்புக்குப் போய்வந்த தோணி. மச்சுப் பெட்டியில் அதன் பதிவுச் சீட்டு கிடைத்தது. செல் அரித்ததுபோக ஆண்டு 1893, கொள்ளளவு 38 டன், துறைமுகம் கீழக்கரை என்பது தெரிகிறது. பெயரில் '...பக்ஷ்' என்ற கடைசி எழுத்துகள் மட்டுமே மிச்சம். பதிவு எண் இருந்த மூலையே இல்லை.

அந்த முழுப் பெயர்தான் எனக்கு வேண்டும். வீட்டில் அதைச் சொல்ல இப்போது யாரும் உயிரோடு இல்லை.

இதுவரை செய்தவை: ஆவணக் காப்பகத்துக்கு இரண்டு முறை போய் ராமநாதபுரம் மாவட்டப் பட்டியலைப் பார்த்தேன். ஒன்றும் இல்லை. அந்த மாவட்டமே 1910-இல்தான் உருவானது என்பது அப்புறம்தான் உறைத்தது. அதற்கு முன் கீழக்கரை மதுரை மாவட்டம். சரி என்று மதுரை ஆட்சியர் கடிதக் கட்டுகளில் 1892 முதல் 1894 வரை புரட்டினேன். உப்பு, சுங்கம் பற்றி நிறைய உண்டு, தோணிப் பெயர் ஒன்றுகூட இல்லை. பாம்பனிலும் தொண்டியிலும் பழைய தோணிக்காரர் வீடுகளில் கேட்டாயிற்று.

தோணியின் பெயர் இரண்டு ஏடுகளில் இருக்கலாம்: 1841 கப்பல் பதிவுச் சட்டப்படி கலங்களைப் பதிந்த ஏடு ஒரு பக்கம், 1878 கடல் சுங்கச் சட்டப்படி புறப்பாட்டு அனுமதி கொடுத்த ஏடு இன்னொரு பக்கம். எனக்கு எது கிடைத்தாலும் போதும்.

1890களில் கீழக்கரைத் தோணிகளின் பெயர் உள்ள ஏட்டை காப்பகத்தில் எந்த அரசுத் துறையின் தலைப்பில் தேட வேண்டும்?