மண்டபத்து வெக்கையில் ஓவர்கிளாக்: நம் கரைக்காரர்கள் அனுபவத்தைச் சொல்லுங்கள்

மண்டபத்திலிருந்து எழுதுகிறேன். கல்யாண வீடியோ எடிட் செய்வதுதான் தொழில். என் கணினியில் இருப்பது ரைசன் 5 2600 சிப் (பிராசஸர்), பி450 மதர்போர்டு, 16 ஜிபி ராம். முகூர்த்த மாதம் வந்துவிட்டால் ஒரே நாளில் இரண்டு மூன்று ரெண்டர், அதாவது எடிட் செய்ததை முழு வீடியோவாக்கும் வேலை, ஓடும். புது சிப் வாங்கக் கையில் காசு இல்லை. இருப்பதையே கம்பெனி வைத்த வேகத்துக்கு மேல் கொஞ்சம் முடுக்கி, அதாவது ஓவர்கிளாக் செய்து, பார்ப்போம் என்று ஒரு டிசம்பரில் இறங்கினேன். அதில் கற்றதை எழுதுகிறேன். நீங்களும் எழுதுங்கள். வெளியூர்க்காரர்கள் சொல்லும் அளவெல்லாம் நம் வெயிலுக்கும் உப்புக்காற்றுக்கும் அப்படியே பொருந்துவதில்லை.

சிப் வேகத்தின் கணக்கு எளிதுதான். அடிப்படைத் துடிப்பு 100 மெகாஹெர்ட்ஸ், அதைப் பெருக்கும் எண் மல்டிபிளையர். 37 என்றால் 3.7 கிகாஹெர்ட்ஸ், 40 என்றால் 4.0. அந்த 100ஐத் தொடவே கூடாது. மல்டிபிளையரையும், சிப்புக்குப் போகும் கோர் வோல்டேஜையும் மட்டும்தான் மாற்ற வேண்டும்.

முதல் நாள் பயாஸுக்குள் (விண்டோஸ் வரும் முன் திறக்கும் போர்டின் அமைப்புத் திரை) போய் மல்டிபிளையரை 40 ஆக்கினேன், வோல்டேஜை 'ஆட்டோ'விலேயே விட்டேன். விண்டோஸும் வந்தது. வோல்டேஜ், வெப்பநிலை காட்டும் ஹெச்டபிள்யூஇன்ஃபோ மென்பொருளைத் திறந்து பார்த்தால் கோர் வோல்டேஜ் 1.44. போர்டு தானாகவே அள்ளிக் கொடுத்துக்கொண்டிருந்தது. உடனே அணைத்துவிட்டேன். புதிதாகத் தொடங்குகிறவர்கள் இதை நெஞ்சில் எழுதிக்கொள்ளுங்கள்: வேகத்தைக் கையால் கூட்டினால் வோல்டேஜையும் கையால்தான் கட்ட வேண்டும்.

அப்புறம் 3.8இலிருந்து ஒவ்வொரு படியாக ஏறினேன். ஒவ்வொரு படியிலும் சிப்பை முழு வேலை வாங்கிச் சோதிக்கும் மென்பொருள்கள்: சினிபெஞ்ச் ஆர்23 பத்து நிமிடம், பிறகு பிரைம்95 ஒரு மணி நேரம், கூடவே ஒரு நோட்டில் வெப்பநிலை. ஆசைப்பட்டு மல்டிபிளையரை 41.5 வைத்த இரவு திரை கறுத்துவிட்டது. விசிறிகள் சுற்றுகின்றன, படம் இல்லை. சிப் போய்விட்டது என்று கை நடுங்கியது. ஆனால் எதுவும் போகவில்லை. மின் இணைப்பைப் பிடுங்கி, போர்டில் கிளியர் சிமாஸ் என்று எழுதிய, பயாஸ் அமைப்புகளை அழிக்கும் இரண்டு ஊசிகளை ஸ்க்ரூடிரைவர் முனையால் சில நொடி சேர்த்துத் தொட்டதும் பழையபடி எழுந்தது. அந்த ஊசிகள் எங்கே இருக்கின்றன என்று தொடங்கும் முன்பே மதர்போர்டு கையேட்டில் பார்த்து வைத்துக்கொள்ளுங்கள்.

கடைசியில் 4.0, 1.3625 வோல்ட்டில் நின்றது. பெட்டியோடு வந்த சின்ன கூலரில் 86 டிகிரி. 120 மில்லிமீட்டர் விசிறி உள்ள டவர் கூலர் வாங்கி மாட்டினேன், 73க்கு இறங்கியது. வாடைக்காற்று அடிக்கும் டிசம்பர் இரவு, அறையில் 26 டிகிரி. இது போதும் என்று நோட்டை மூடிவிட்டேன்.

மே மாதம்தான் உண்மை தெரிந்தது. கத்திரி வெயில், மதியம் இரண்டு மணி, அறையில் 36. பாதி ரெண்டரில் ப்ளூ ஸ்கிரீன். மறுபடி ஓட்டினால் 91 டிகிரியைத் தொட்டு மறுபடி விழுந்தது. இந்தச் சிப்புக்கு உச்ச வரம்பே 95. கூலர் என்பது அறைக்காற்றைவிட இத்தனை டிகிரி மேலே என்றுதான் சிப்பை வைத்திருக்க முடியும். அறை பத்து டிகிரி ஏறினால் சிப்பும் ஏறக்குறைய பத்து ஏறும். அப்படியானால் 83தானே வரவேண்டும், மீதி எட்டு எங்கிருந்து வந்தது?

கேபினட்டைக் கழற்றிய பிறகு புரிந்தது. கடல்காற்று குளிர்ச்சியாக இருக்கிறதே என்று பக்கத் தகட்டை எடுத்துவிட்டு, பெட்டியை ஜன்னலோரமாகவே வைத்திருந்தேன். ஹீட்சிங்க் (கூலரின் உலோகப் பகுதி) தகடுகளின் ஓரமெல்லாம் வெள்ளையாகப் பொடி பூத்திருந்தது. தூசு உப்பு ஈரத்தில் ஊறி, இடுக்குகளில் களிம்புபோல் ஒட்டியிருந்தது. விரலால் தேய்த்தால் நறநற என்றது. விசிறியைக் கையால் சுற்றினால் இரண்டு சுற்றில் நின்றது. நல்ல விசிறி வழுக்கிக்கொண்டு ஓடும். கிராபிக்ஸ் கார்டைப் பிடிக்கும் திருகுகள் செம்மண் நிறம். காரைக்குடி சிக்ரி ஆய்வகம் உலோகத் துருவை ஆராய நம் மண்டபத்திலேயே ஒரு மையம் வைத்திருக்கிறது. எங்கள் காற்று அப்படிப்பட்ட காற்று. அதைத்தான் ஐந்து மாதம் சிப்புக்கு நேரே ஊதவிட்டிருந்தேன்.

சுத்தம் செய்து, சிப்புக்கும் கூலருக்கும் நடுவே தடவும் தெர்மல் பேஸ்ட் புதிதாக வைத்து, பெட்டியை உள்சுவர் ஓரம் நகர்த்தினேன். பக்கத் தகடு போட்டு, முன்னால் வலை வடிகட்டியும் வைத்தேன். வேகத்தை 3.9க்கும் வோல்டேஜை 1.275க்கும் இறக்கினேன். அதே மதிய வெயிலில் 76. சிப் தின்னும் மின்சாரம் வேகத்தோடு நேராகவும் வோல்டேஜின் வர்க்கத்துக்கு ஏற்பவும் கூடும். அந்தக் கணக்கில் 3.9இலிருந்து 4.0க்குப் போக நான் கொடுத்துக்கொண்டிருந்தது ஏறக்குறைய 17 சதவீதம் அதிக வெப்பம், கிடைத்தது இரண்டரை சதவீத வேகம். ஒரு மணி நேர ரெண்டரில் ஒன்றரை நிமிடம். ஒன்றரை நிமிடத்துக்காக ஒரு கல்யாண வீட்டாரின் வீடியோவைப் பணயம் வைக்க எனக்கு மனசில்லை.

என் மச்சானிடம் இதே சிப் 1.3 வோல்ட்டில் 4.1 ஓடுகிறது. சிப்புக்குச் சிப் அப்படித்தான் மாறும், அவர் எண்ணை என் பயாஸில் போட்டால் ஓடாது. அதனால் என் எண்ணையும் நீங்கள் அப்படியே போடவேண்டாம். உங்கள் வீட்டில் எது மோசமான மதியமோ அன்று சோதியுங்கள்.

கீழக்கரையிலிருந்து:

அண்ணே, நான் ஓவர்கிளாக் செய்யாமலேயே பாடம் படித்தவன். துபாயிலிருந்து காக்கா (அண்ணன்) வரும்போது இன்டெல் ஐ5 12600கே சிப் கொண்டுவந்தார்கள். பெயரில் 'கே' இருந்தால் பூட்டில்லாத சிப், முடுக்கலாம் என்று படித்திருந்தேன். கடையில் கேட்டதற்கு பி660 போர்டு போதும் என்றார்கள், வாங்கிவிட்டேன். பயாஸில் எத்தனை தேடியும் மல்டிபிளையரை மேலே ஏற்ற வழியில்லை. இன்டெலில் சிப்பும் 'கே' ஆக இருக்கவேண்டும், போர்டும் இசட் வரிசையாக இருக்கவேண்டும். ரைசனில் பி வரிசை போர்டிலேயே முடியும், ஏ320 போன்றவற்றில்தான் முடியாது. இந்த ஒரு வரியை முன்னமே யாராவது சொல்லியிருந்தால் வேறு போர்டு வாங்கியிருப்பேன்.

ஆனால் தேடிய தேட்டத்தில் ஒன்று கிடைத்தது. 3200 என்று அச்சடித்த ராமுக்குத்தான் காசு கொடுத்திருந்தேன், பார்த்தால் 2133இல் ஓடிக்கொண்டிருந்தது. பயாஸில் எக்ஸ்எம்பி என்ற, ராமை அச்சடித்த வேகத்தில் ஓட்டும் ஒரே ஒரு அமைப்பை ஆன் செய்ததும் 3200 வந்தது. கேம் ஓடும்போது முன்பு வந்த திக்கல் நன்றாகவே குறைந்தது. பி660 போர்டும் இதற்குத் தடை சொல்லவில்லை. சிப்பில் கை வைப்பதற்கு முன் எல்லாரும் டாஸ்க் மேனேஜரில் ராம் வேகத்தை ஒருமுறை பாருங்கள்.

தொண்டியிலிருந்து:

எனக்கு வில்லன் சிப் இல்லை, கரண்ட். ரைசன் 5 3600ஐ 4.1இல் வைத்திருந்தேன். சாயங்காலம் ஏழு மணி ஆனால் பட்டென்று ரீஸ்டார்ட் ஆகும். ஓவர்கிளாக்கைத்தான் சந்தேகித்தேன். பயாஸ் முழுவதையும் பழைய நிலைக்கு மாற்றியும் நிற்கவில்லை. பிறகு விண்டோஸ் பிழைகளைப் பதிந்து வைக்கும் ஈவென்ட் வியூவரைத் திறந்து பார்த்தேன். கர்னல்-பவர் 41 மட்டும் வரிசையாக இருந்தது, டபிள்யூஹெச்இஏ (வன்பொருள் பிழைப் பதிவு) ஒன்றுகூட இல்லை. 41 என்றால் முறையாக அணைக்காமல் நின்றுபோனது என்று மட்டும்தான் பொருள். சிப் தடுமாறியிருந்தால் பெரும்பாலும் டபிள்யூஹெச்இஏ பதிவு ஏதாவது இருந்திருக்கும். சாயங்காலம் மல்டிமீட்டர் வைத்துப் பார்த்தேன், சாக்கெட்டில் 175 வோல்ட். என் பழைய எஸ்எம்பிஎஸ் (கணினிக்கு மின்சாரம் கொடுக்கும் பெட்டி) லேபிளில் 200 முதல் 240 என்று இருந்தது. 100 முதல் 240 வரை தாங்கும் ஒன்றை மாற்றினேன், அன்றோடு தீர்ந்தது.

இன்னொன்று. கேபினட்டைத் தொட்டால் சுருக்கென்று ஷாக் அடித்தால் எர்த் இல்லை என்று அர்த்தம். எங்கள் தெருவில் பாதி வீடுகளில் அப்படித்தான் இருந்தது. பயாஸைத் தொடும் முன் எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு எர்த் குழியைப் பாருங்கள் தம்பிகளா. மணல் தரை, கோடையில் காய்ந்துவிடும், தண்ணீர் ஊற்றிக்கொண்டே இருக்கவேண்டும்.

ராமேஸ்வரத்திலிருந்து:

கோயில் பக்கம் பிரவுசிங் சென்டர் வைத்திருக்கிறேன். நான் எதிர்த்திசையில் போனவன். ஆறு கணினி, எல்லாம் ரைசன் 5 5600ஜி, சின்ன அறை. ஆடி அமாவாசை, தை அமாவாசை என்றால் டிக்கெட் பிரிண்ட் எடுக்க வாசல் வரை கூட்டம் நிற்கும். அந்த நேரத்தில் ஒரு மெஷின் ஹேங் ஆனாலும் பெரியவர்கள் ரயிலைத் தவறவிடுவார்கள். அதனால் 65 வாட் சிப்பை பயாஸில் 45 வாட்டுக்கு இறக்கிவிட்டேன். பிரவுசர், பிரிண்ட் வேலையில் வித்தியாசமே தெரியவில்லை. விசிறிச் சத்தம் போய்விட்டது, அறை வெக்கையும் தணிந்தது. மண்டபத்துத் தம்பி வேகத்துக்காகச் செய்தார், நான் நிதானத்துக்காகச் செய்தேன். பயாஸ் கதவு இரண்டுக்கும் ஒன்றுதான்.

ஒரு சந்தேகம், தம்பி: அந்த உப்புக் களிம்பை எதைக் கொண்டு எடுத்தீர்கள்?

மண்டபத்திலிருந்து:

அண்ணே, முதலில் கூலரைப் போர்டிலிருந்து கழற்றி, விசிறியைத் தனியாகப் பிரித்துவிட வேண்டும். வெறும் ஹீட்சிங்கை வெதுவெதுப்பான தண்ணீரில் பழைய டூத்பிரஷ் போட்டுத் தேய்த்தேன். உப்பு தண்ணீரில்தான் கரையும், காற்றடித்தால் போகாது. ஒரு நாள் முழுக்க நிழலில் காயவைத்தேன். போர்டில் தண்ணீர் படவே கூடாது, அங்கே ஐசோபுரோபைல் ஆல்கஹாலும் மெல்லிய பிரஷும் மட்டும். புளோயர் அடிக்கும்போது விசிறி இறக்கையை விரலால் பிடித்துக்கொள்ளுங்கள், தாறுமாறாகச் சுற்றவிட்டால் பேரிங் கெடும். கச்சான் காற்று மணலை வாரி அடிக்கும் மாதங்களில் வடிகட்டியை வாரம் ஒருமுறை தட்டுகிறேன், மற்ற மாதங்களில் இரண்டு வாரத்துக்கு ஒருமுறை.

கீழக்கரைத் தம்பி, நீங்கள் சொன்னதைப் படித்துவிட்டு என் ராமையும் பார்த்தேன். நல்லவேளை, 3000இல்தான் ஓடுகிறது. அடுத்த கத்திரியில் அதே மதியம் இரண்டு மணிக்கு மறுபடி அளந்து நோட்டில் இருப்பதை இங்கே போடுகிறேன்.