காலர்களும் சைக்கிள் சங்கிலியும்

துணியிலும் தூக்கிப்போட்ட சாமான்களிலும் செய்த சமகாலக் கலைக் கண்காட்சி என்றதும், குப்பையை மாட்டி வைத்துப் பெரிய பெயர் கொடுத்திருப்பார்கள் என்ற நினைப்போடுதான் போனேன். பாதி அப்படித்தான் இருந்தது.

என்னை நிறுத்தி வைத்தது, பழைய சட்டைகளின் காலரை மட்டும் வெட்டி வரிசை வரிசையாகத் தைத்திருந்த ஒரு பெரிய திரை. தள்ளி நின்றால் மீன் செதில் மாதிரி. கிட்டப் போனால் ஒவ்வொன்றிலும் கழுத்து உரசி நைந்த கோடு, துவைத்தும் போகாத வியர்வைக் கறை. நடுவில் ஒரு சைக்கிள் சங்கிலியை வெள்ளை நூலால் சேர்த்துத் தைத்திருந்தார்கள். அதன் துரு நூலில் ஏறி, அங்கிருந்து துணிக்கும் மெல்லப் பரவியிருந்தது. அடுத்த வருஷம் இதே திரை வேறு மாதிரி இருக்கும். வேண்டுமென்றே விட்டார்களா என்று அங்கிருந்த காவலரிடம் கேட்டேன். "அது தெரியாதுங்க, ஆனா வர்றவங்க எல்லாரும் தொடத்தான் பார்க்கிறாங்க" என்றார். உண்மைதான், ஓவியத்தைத் தொடக் கை வராது, துணி என்றால் தானாக நீளுகிறது.

சிற்பி எல் அனட்சுயியின் வேலைகள் ஞாபகம் வந்தன, படத்தில் பார்த்ததுதான். கானாவில் பிறந்து நைஜீரியாவில் பல காலம் வேலை செய்தவர், 2015இல் வெனிஸ் பியனாலே என்ற சர்வதேசக் கலைக் கண்காட்சியில் வாழ்நாள் சாதனைக்கான தங்கச் சிங்கம் விருது பெற்றவர். மதுபாட்டில் மூடிகளைத் தட்டித் தட்டையாக்கி, செப்புக் கம்பியால் கோத்து, சுவர் முழுக்கத் தொங்கவிடுவார். மடிப்பு எப்படி விழ வேண்டும் என்பதை மாட்டுகிறவர்களிடமே விட்டுவிடுவதும் உண்டு. ஐரோப்பியர்கள் ஆப்பிரிக்கக் கரைக்குக் கொண்டுவந்த மது அடிமை வியாபாரத்தில் கைமாறிய சரக்கு என்பதால், அங்கே மூடி வெறும் தகரமாக நிற்பதில்லை. காலர் திரையும் அப்படித்தான் எனக்குப் பட்டது, யாரோ போட்டுத் தேய்த்த துணி அது.

அடுத்த அறையில் ஒரு மெத்தை விரிப்பின் மேல் உடைந்த போன், பொம்மைக் கை, பல்சக்கரம் என்று பசை போட்டு ஒட்டியிருந்தார்கள். விளக்க அட்டை மட்டும் ஒரு பக்கத்துக்கு. அங்கே நின்று நேரத்தை வீணாக்கவில்லை.

அப்புறம் வெளிச்சம் மங்கலாக இருக்கிறது என்று கூட வந்தவர் அலுத்துக்கொண்டார். துணிச் சாயம் வெளிச்சத்தில் வெளுத்துவிடும், அதனால் அருங்காட்சியகங்களில் துணிக்கு 50 லக்ஸ் (வெளிச்சத்தை அளக்கும் அலகு) அளவில்தான் பொதுவாக விளக்கு வைப்பார்கள். கண் பழகக் கொஞ்ச நேரம் கொடுங்கள்.

இன்னொன்று, சில தொங்கல்களைச் சுவரிலிருந்து தள்ளி மாட்டியிருப்பார்கள். பின்னால் போய்ப் பாருங்கள்: முடிச்சு, ஒட்டுத்துணி, வெட்டாமல் விட்ட நூல் முனை. ஒன்றிரண்டில் முன்பக்கத்தைவிட அதுதான் நன்றாக இருந்தது.