ஃப்ரீபிஎஸ்டியில் இணைய வானொலி ஓடுகிறது, ஓசை மட்டும் வரவில்லை

கேள்வி:
வணக்கம். என் மடிக்கணினியில் ஃப்ரீபிஎஸ்டி இயங்குதளத்தை நிறுவியிருக்கிறேன். இணைய வானொலியை எம்பிவி செயலியில் திறந்தால் நொடிகள் ஓடுகின்றன, ஆனால் ஒலிபெருக்கியில் ஓசை இல்லை. ஸ்பாட்டிஃபை பாடல் சேவையோ உலாவியில் பாடவே மறுக்கிறது. இரண்டுக்கும் காரணம் ஒன்றுதானா?

மறுமொழி 1:
இரண்டும் வெவ்வேறு சிக்கல்கள். டெவ் கோப்பகத்திலுள்ள எஸ்என்டிஸ்டாட் கோப்பைக் கேட் கட்டளையால் படித்தால், ஒலிச் சாதனங்கள் பிசிஎம்0, பிசிஎம்1 என வரிசையாகத் தெரியும். அவற்றுள் எது இயல்புச் சாதனம், அதாவது ஓசை தானாகப் போகும் சாதனம், என்ற குறிப்பும் அங்கேயே இருக்கும். அது வெளித்திரையை இணைக்கும் எச்டிஎம்ஐ வெளியீடாக இருந்தால் ஓசை திரைக்குத்தான் போகும். கணினி அமைப்புகளை மாற்றும் சிஸ்சிடிஎல் கட்டளையால் இயல்புச் சாதன எண்ணை மாற்றிவிட்டு, எம்பிவியை மூடித் திறங்கள்.

மறுமொழி 2:
ஸ்பாட்டிஃபைக்குத் தடையாக இருப்பது வைட்வைன் என்னும், பாடல்களை நகலெடுக்க விடாத பூட்டு. அதன் நிரல் ஃப்ரீபிஎஸ்டிக்கென வெளியிடப்படுவதில்லை என்பதால், உலாவியில் எந்த அமைப்பை மாற்றினாலும் பயனில்லை. லிப்ரஸ்பாட் என்ற திறமூல நிரலை நிறுவுங்கள்; கைப்பேசியின் ஸ்பாட்டிஃபை செயலியில் பாடலைத் தேர்ந்தெடுத்தால் கணினி பாடும். பிரீமியம் கணக்கு கட்டாயம். எனக்கு உலாவியை விட இதுவே பிடித்திருக்கிறது, ஏனெனில் நினைவகம் மிகக் குறைவாகவே செலவாகிறது.

கேட்டவர்:
மிக்க நன்றி. இயல்புச் சாதனம் எச்டிஎம்ஐதான். மாற்றியதும் வானொலி கேட்கிறது. மறுதொடக்கத்துக்குப் பிறகும் இது நிலைக்குமா?

மறுமொழி 1:
நிலைக்காது. கட்டளையில் கொடுத்த அதே அமைப்பைச் சிஸ்சிடிஎல் அமைப்புக் கோப்பிலும் எழுதிவிடுங்கள்.